படிப்பகத்துக்கு இரண்டு நாளிதழ்கள்: எவற்றை வாங்குவது?

காங்கயம் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு இரண்டு நாளிதழ்கள் மட்டுமே வாங்க இயலும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து அவற்றை உரக்கப் படிப்பதால், எதை வாங்குவது என்பதைப் பெரிய பொறுப்பாகக் கருதுகிறேன். சென்ற மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கிணற்று நீர் நிறம் மாறிவிட்டதென்று ஒரு பெரியவர் அதைப் பாட்டிலில் கொண்டுவந்து அதிகாரிகளின் மேசை மீது வைத்தார். மறுநாள் ஒரு நாளிதழில் அந்தப் பாட்டில் படத்தோடு வந்தது. மற்றொன்றில், ஆய்வு செய்யப்படும் என்று அதிகாரி சொன்னது நான்கு வரியில் இருந்தது; பெரியவர் அதில் இல்லவே இல்லை. படம் போட்ட நாளிதழோ தேர்தல் வந்தால் ஒரு கட்சியின் குரலாகவே மாறிவிடும். நடுநிலையானது என்று நம்பி எதை வாங்குவது?

முன்னாள் பகுதிநேர நிருபர், ஈரோடு:

ஐயா, உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் வரும் கமிஷனில்தான் குடும்பம் நடந்தது. மருத்துவமனை, நகைக்கடை, வீட்டுமனை, கல்லூரி ஆகியவையே எங்களுக்குப் படியளந்தன. கல்லூரிப் பேருந்து மோதி ஒருவர் இறந்தால் செய்தியில் அது "தனியார் கல்லூரி பேருந்து" ஆகிவிடும்; மளிகைக் கடைக்காரர் மீது வழக்கு என்றால் கடைப் பெயர், தெரு, தகப்பனார் பெயர் வரை அச்சாகும். இப்படி எழுது என்று யாரும் எனக்கு உத்தரவிட்டதில்லை. எந்த வரி வெட்டுப்படும் என்று தெரிந்து நானே எழுதாமல் விட்டேன். அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

பொய் எழுதினால்தான் சார்பு என்பதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தொழிலாளர் வேலையிழப்பும் உண்மை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயக்கழிவால் பாழான நிலமும் உண்மை. எது தலைப்பாகிறது, எது ஏழாம் பக்கத்துக்குப் போகிறது என்பதில்தான் சார்பு இருக்கிறது.

வழக்கறிஞர், கோபிசெட்டிபாளையம்:

அண்ணன் சொன்னது விளம்பரதாரரின் பிடி. தேர்தல் காலத்தில் செய்தியே விலைக்கு வந்துவிடுகிறது. 2009 மக்களவைத் தேர்தலில் இது பெருமளவில் நடந்ததாக எழுந்த புகார்களை இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு ஆராய்ந்து 2010இல் விரிவான அறிக்கை தந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007இல் வென்ற உம்லேஷ் யாதவ், பணம் கொடுத்து வெளியிட்ட செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததால், 2011இல் தேர்தல் ஆணையத்தால் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இப்போது மாவட்டந்தோறும் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஆயினும் தண்டனை வேட்பாளருக்குத்தானே தவிர நாளிதழுக்கு இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகை மன்றத்தால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள்ளேயே வராது. இந்த ஓட்டையை அடைக்காமல் வாசகரை மட்டும் விழிப்பாக இருக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சென்னிமலை:

சட்டம் திருந்தும் வரை திண்ணையில் பிள்ளைகள் படிக்கத்தானே வேண்டும், தம்பி? கட்சிச் சார்பையும் காசுச் சார்பையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1925 மே மாதம் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய "குடி அரசு" தன் கொள்கையை ஒளிக்கவில்லை. படிப்பவருக்கு யார் பேசுகிறார் என்று தெரியும். கலைஞர் தொலைக்காட்சி எந்தப் பக்கம், நியூஸ் ஜெ எந்தப் பக்கம் என்பதும் ஊரறிந்தது. செய்தியின் உடையை அணிந்து வரும் விளம்பரத்தைத்தான் பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடிவதில்லை. மூலையில் பொடி எழுத்தில் "விளம்பரதாரர் பகுதி" என்று இருப்பதைத் தேடிப் பார்க்க அவர்களைப் பழக்குங்கள். பழைய கட்டுகள் இருந்தால், மார்ச் முதல் வார இதழ்களில் வெளியான "படிவம் 4" என்ற உரிமையாளர் அறிவிப்பையும் காட்டுங்கள். மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் பெயர்கள் அதில் இருக்கும். நடுநிலையான ஒன்றைத் தேடி அலையாமல், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டை வாங்குங்கள்.

காங்கயம் வாசகர்:

மூவருக்கும் நன்றி. நான் சொன்ன அந்த இரண்டு நாளிதழ்களையே வாங்க முடிவு செய்துவிட்டேன். பாட்டில் படத்தையும் அந்த நான்கு வரியையும் வெட்டி ஒரே அட்டையில் அருகருகே ஒட்டியாயிற்று. ஆனால் இரண்டிலும் வராத செய்தியை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். அடுத்த குறைதீர் கூட்டம் முடிந்து வந்ததும், அங்கே என்ன பேசினார் என்பதைத் தம் கையாலேயே எழுதித் தருவதாக அந்தப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.