வீடியோ மொசைக்: தமிழில் என்ன சொல்வது? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

சாலிகிராமத்தில் நான் எடுக்கிற எடிட்டிங் வகுப்புக்குச் செய்முறைத் தாள் தமிழில் வேண்டுமாம். திங்கள் காலை ஜெராக்ஸுக்குப் போகணும், ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1920க்கு 1080 பிக்சல் படத்தை, 48க்கு 27 பிக்சல் அளவுள்ள கட்டங்களாக வெட்டினால் 1600 கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறத்தைக் கணக்கிட்டு, அதற்குக் கிட்டத்தில் வருகிற சின்ன கிளிப் ஒன்றை அந்த இடத்தில் ஓடவிடுகிறோம். பக்கத்தில் போனால் 1600 படம், தள்ளி நின்றால் ஒரே முகம். மொசைக் என்றே எழுதலாம்தான். ஆனால் டிவியில் வேலை பார்த்த பையன்கள் மொசைக் என்றதும் முகத்தை மறைக்கிற எஃபெக்ட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் அதற்கும் அதே பெயர்.

– சாலிகிராமம்

ஐயா,

வெளியே ஏன் தேடவேண்டும்? அகநானூற்றில் 121 முதல் 300 வரை உள்ள பாட்டுகளின் தொகுதிக்குப் பெயரே மணிமிடைபவளம். பெரும்பாணாற்றுப்படையில் ‘பல்பூ மிடைந்த படலைக் கண்ணி’ வருகிறது. மிடைதல் என்றால் நெருங்குதல், பின்னுதல் இரண்டும்தான். மிடைபடம் என்று வையுங்கள். வினைத்தொகை! மிடைந்த படம், மிடைகின்ற படம், மிடையும் படம். ஓடிக்கொண்டே இருக்கிற படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கீற்று முடைகிறோமே, அந்த முடையும் இந்த மிடையும் ஒன்றே என்பது என் கட்சி. அதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

– மயிலாப்பூர்

தனி மடல் வேண்டாம் ஐயா, போன முறை எழுதியதையே இன்னும் படித்து முடிக்கவில்லை :-) மிடைபடம் என்றால் ‘மிடில் படமா சார்?’ என்று கேட்பான். சில்லோவியம் என்று சொல்லலாமே. பாண்டி ஆடியவர்களுக்கெல்லாம் சில்லு தெரியும்.

– அம்பத்தூர்

சில்லை ஏற்கெனவே கணினிக்காரர்களின் ‘சிப்’புக்குத் தாரைவார்த்தாச்சு. அது போக, இரண்டு பேருமே விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மணிமிடைபவளத்தில் மணி மணியாகவே தெரியும், பவளம் பவளமாகவே தெரியும். இங்கே சின்னது கரைந்தால்தான் பெரியது எழும்பும். நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். சராசரி நிறம் மட்டும் பொருந்தினால் போதாது. கிளிப் பாதியில் விளக்கை அணைக்கிற காட்சி வந்துவிட்டால் மூக்கில் ஓட்டை விழும். நேரம் ஓட ஓட வெளிச்சம் ஏறி இறங்குவதும் ஒத்துப்போகணும். ஆகவே, துணுக்குகளால் ஆன உரு, துணுக்குரு.

– தாம்பரம்

அம்மா, துணுக்குரு என்று படித்ததும் துணுக்குற்றேன்.

– அம்பத்தூர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘காணொளித் துணுக்குரு’ என்று எழுதப் போகிறீர்களா, ‘காணொலி’ என்றா? படத்தில் சத்தமும் உண்டே. ஒளியைக் காணலாம், ஒலியை எப்படிக் காண்பது என்று கேட்பவர்களுக்கு: காணும் ஒலி அல்ல, காட்சியும் ஒலியும் என்று கொள்ளுங்கள்.

– பெரம்பூர்

காட்சியும் ஒலியும் என்றால் ‘காட்சியொலி’ என்றல்லவா வரும்? காண் என்பது வினைப்பகுதி, அதை உம்மைத்தொகையில் எப்படி நுழைப்பீர்கள்? அப்புறம், 1600 கிளிப்பின் சத்தத்தையும் சேர்த்துப் போட்டால் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். இந்த வேலையில் ஒலியை அணைத்துவிடுவதுதான் வழக்கம், ஆக உங்கள் லகரத்துக்கு இங்கே இடமே இல்லை.

– மயிலாப்பூர்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது. துணுக்குருவுக்கு நாலு பேர் சரி சொன்னதாகக் கணக்கு, அதில் இரண்டு பேர் தூக்கம் வந்ததால் சொன்ன மாதிரிதான் தெரிகிறது. தாளில் ‘துணுக்குரு, அதாவது வீடியோ மொசைக்’ என்று அடித்துவிட்டேன்.

– சாலிகிராமம்

அடியுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மிடைபடத்தை மறக்கவேண்டாம். முடை பற்றிய மடல் நாளை.

– மயிலாப்பூர்