புதுப்பிப்பு: பழைய பிரம்பு டேபெட், துளையும் தொய்வும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய டேபெட் (பகலில் சாய்ந்து ஓய்வெடுக்கும் கட்டில்) தேடுவோருக்காக முன்பு எழுதிய பதிவில், மரத்தில் பூச்சித் துளை இருந்தாலே வாங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன். துளையின் ஓரம் மங்கி உள்ளே அழுக்குப் படிந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய துளை. மாவு போல வெளிர்தூள் புதிதாக உதிர்வதுதான் ஆபத்து, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. தூக்கி நகர்த்தினால் பழைய தூளும் கொட்டும். ஆகவே முதலில் நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து, அசைக்காமல் சில வாரம் பாருங்கள்.

பலர் கேட்டது பிரம்புப் பின்னல் பற்றி. சட்டத்தின் ஓரம் நெடுக வரிசையாகப் பிரம்பு கோத்த துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது; பழுதுபார்க்கக் கூலி அதிகம். பள்ளம் வெட்டிப் பிரம்புக் கீற்றால் இறுக்கியிருந்தால் அது ஆயத்தமாகப் பின்னி விற்கும் விரிப்பு, மாற்றுவது எளிது. இழை அறாமல் வெறுமனே தொய்ந்திருந்தால் மாற்றவே வேண்டாம்: அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஈரமாக்கி, ஒரு நாள் யாரும் உட்காராமல் உலரவிடுங்கள், இறுகும். மேல்பக்கம் பளபளப்பானது, நீரை இழுக்காது. நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் பிரம்பு வறண்டு முறியும்.

கால் ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், முளை (பொருத்தில் துளைக்குள் செருகியிருக்கும் மர முனை) பிளந்துவிடும். பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி இறுக்கிக் கட்டுவதே சரி.

மெத்தை வாங்குமுன் கட்டில் சட்டத்தின் உள்ளளவை எடுங்கள். இங்கே கடையில் கிடைக்கும் சிங்கிள் 3 அடிக்கு 6 அடி 3 அங்குலம். பழைய கட்டில்களுக்கு அது அரிதாகவே பொருந்தும்.