புதுப்பிப்பு: 1471 யார்க் நைட்டுக்கு எந்தக் கழுத்தாரம்?

டியூக்ஸ்பரி போர் (1471, இங்கிலாந்து அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் குடும்பங்கள் மோதியது) மறுநடிப்பில் யார்க் தரப்பு நைட் (குதிரைவீரர்) வேடத்துக்கு எந்த ஆரம் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது.

பலர் சொன்ன ‘எஸ்’ எழுத்து ஆரம் அழகுதான், ஆனால் அது லங்காஸ்டர் அடையாளம். யார்க் அரசர் நான்காம் எட்வர்டின் ஆள் அதைப் போடுவது, எதிர்க்கட்சித் துண்டோடு மேடையேறுவது மாதிரி. அதனால் சூரியனும் ரோஜாவும் மாறி மாறி வரும் ஆரம், நடுவில் வெள்ளைச் சிங்கப் பதக்கம். வெள்ளைப் பன்றி வேண்டாம், அது எட்வர்டின் தம்பி, பிறகு அரசரான மூன்றாம் ரிச்சர்டுடையது.

கடைகளில் ‘இடைக்காலம்’ என்று விற்கும், வயிறுவரை தொங்கும் கனத்த சங்கிலிகள் பிற்கால மேயர் சங்கிலிகளின் சாயல். கல்லறைச் சிலைகளில் ஆரம் தோளை ஒட்டிப் படிந்திருக்கும். பல சிலைகளில் அது சங்கிலியே இல்லை, உருக்கள் பதித்த பட்டை. நானும் கறுப்புத் தோல் பட்டையில் பித்தளை வார்ப்புகளை ரிவெட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். செலவும் குறைவு!

டியூடர் வேடம் பற்றிக் கேட்டவருக்கு: லங்காஸ்டர் வழிவந்த முதல் டியூடர் அரசர் ஏழாம் ஹென்றி வந்ததும் ‘எஸ்’ ஆரம் திரும்பிவிட்டது. 1527-இல் ஹோல்பைன் வரைந்த தாமஸ் மோர் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசையாக ‘எஸ்’கள், கீழே டியூடர் ரோஜா. அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.