ஹாக்கி பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பயிற்சி தருவது எப்படி?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். நான் கபடியில் வளர்ந்தவன். ஹாக்கியை விதிப்புத்தகத்திலும் காணொளிகளிலும் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் 24 பிள்ளைகள் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஆசையாகச் சேர்ந்தார்கள். எங்களிடம் 15 மட்டைகளும் 9 ஹாக்கிப் பந்துகளும் உள்ளன. பழைய டென்னிஸ் பந்துகளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு வரிசையாக நிற்க வைத்து, கூம்புகளுக்கு இடையே பந்தை வளைத்து வளைத்து ஓட்டச் சொல்கிறேன். மூன்றாவது வாரமே பாதிப் பேர் வரிசையிலிருந்து நழுவிக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். மீதமிருப்பவர்களும் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கிச் சுழற்றுகிறார்கள். பந்து வாய்க்காலுக்குள் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகக் கிடந்த எங்கள் களிமண் திடல் இப்போது காய்ந்து வெடிப்பு விட்டிருப்பதால், பந்து நேராக உருளுவதே அபூர்வம். இதற்கு நடுவில் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு மாணவி மட்டையைக் கை மாற்றியே பிடிக்கிறாள். அவளை மாற்றுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. பிள்ளைகள் விரும்பி வரும்படியான பயிற்சிகளைச் சொல்லி உதவுங்கள்.

பழைய ஹாஃப் பேக், தஞ்சாவூர்

ஐயா, முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசைக்குப் 12 பேர். ஒருவர் ஓட்டி முடிக்க 15 விநாடி. அப்படியானால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் பந்து கிடைக்கும். 40 நிமிட வகுப்பில் அவன் பந்தைத் தொடும் நேரம் மூன்றரை நிமிடத்தைத் தாண்டாது. மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் கால் கிரிக்கெட் பக்கம் போகாது? ஆகவே வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

கபடிக்காரரான உங்களுக்குக் கிளித்தட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கோட்டால் இரண்டு தட்டுகள், அதாவது ஆட்டக் கட்டங்கள், போடுங்கள். மட்டையில்லாத ஒன்பது பேரும் ஒன்றில் ஐவர், மற்றதில் நால்வர் எனக் கோடுகளில் நின்று மறிக்கட்டும். மட்டையுள்ள 15 பேரும் ஆளுக்கொரு டென்னிஸ் பந்தை ஓட்டிக்கொண்டு கடந்து போக வேண்டும். மறிப்பவர் பந்தைத் தொடக் கூடாது, காலால் உதைக்கவும் கூடாது. ஓடுபவரின் தோளைத் தொட்டுவிட்டால் போதும், அவர் மறுபடி முதல் கோட்டிலிருந்து வர வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டைகளைக் கை மாற்றிவிடுங்கள். 'தலையை நிமிர்த்திப் பார்' என்று நாம் நூறு முறை கத்தினாலும் நிமிராத பிள்ளை, நடுக்கோட்டில் ஓடி மறிக்கும் ஆளான 'கிளி' வருகிறது என்றால் தானாக நிமிர்வான். தொடக்க நிலைக்காரர்கள் எல்லோரிடமும் உள்ள பெருங்குறை பந்தையே வெறித்துக்கொண்டு ஓடுவதுதான். இந்த ஆட்டம் அதைச் சொல்லாமலே சரிசெய்கிறது. எந்த மட்டையின் தலையும் முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பினால் அந்தச் சுற்றில் ஆட்டமில்லை.

இன்னொன்று, குதிர். நான்கு மூலைகளில் குதிர்களாக நான்கு வட்டங்கள் போட்டு, ஒன்பது பந்துகளையும் நடுவில் வையுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருவர் ஓடி வந்து, ஆளுக்கு ஒரு பந்தாகத் தம் குதிருக்கு ஓட்டிச் செல்வார்கள். நடுவில் தீர்ந்தபின் அடுத்தவர் குதிரிலிருந்தும் எடுக்கலாம். பந்தை இழுத்துத் திரும்புவது என்ற கடினமான வேலையை யாரும் கற்பிக்காமலே பழகிவிடுவார்கள்.

குடந்தை டீச்சர்

பெரியவர் சொன்ன கிளித்தட்டை எங்கள் பிள்ளைகளிடமும் ஆடிப் பார்க்கப் போகிறேன். நான் அந்த மாணவியைப் பற்றி எழுதுகிறேன். ஹாக்கியில் இடக்கை மட்டை என்று ஒன்று அனுமதிக்கப்படுவதில்லை. எல்லோருக்கும் இடக்கை மேலே, வலக்கை கீழே, தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும். அதனால் பிடியை இப்போதே மாற்றிவிடுங்கள். ஆனால் அவளைத் திருத்த வேண்டிய பிள்ளையாக நடத்தாதீர்கள். மட்டையைத் திருப்பும் வேலை முழுவதும் மேலே இருக்கும் இடக்கைக்கு உரியது. வலக்கைப் பிள்ளைகள் திணறும் இடத்தில் அவளுக்கு அது எளிதாக வரலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

வாயால் விளக்கினால் புரியாதது ஒரு குழாய்த் துண்டால் புரியும். ஆழ்குழாய்க் கிணறு போட்ட வீடுகளில் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள் கிடக்கும். நான்கு அங்குல நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிடிப்பக்கமாக மட்டையில் நுழைத்துவிடுங்கள். வலக்கை அந்தக் குழாயை ஊதாங்குழலைப் பிடிப்பது போல் பிடித்துக்கொள்ளும். இடக்கை பூட்டில் சாவியைத் திருப்புவது போல் மட்டையைத் திருப்பும். குழாய்க்குள் மட்டை மட்டும் சுழல வேண்டும். வலக்கையும் சேர்ந்து முறுக்கினால் குழாயும் சுற்றும், பிழை பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

திடலுக்கு ஒரு யோசனை: ஊரில் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம் இருந்தால், அறுவடை முடிந்து காலியானதும் கேட்டு வாங்குங்கள். பந்து வழவழவென்று உருளும். விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும் என்பதால், அங்கே ஓட்டப் பந்தயம் வேண்டாம். இருவர் எதிரெதிரே நின்று தள்ளி வாங்கும் பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடம் வடகரை

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. ஆட்டமும் சிரிப்பும் சரிதான். ஆனால் ஹாக்கிப் பந்து 160 கிராம் எடையுள்ள கட்டி. முதல் இரண்டு மாதங்களுக்கு ஓங்கி அடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, தள்ளுவதை மட்டும் கற்பியுங்கள். கிரிக்கெட் வீச்சு மறக்க அது ஒன்றே வழி. கணைக்கால் காப்பு இல்லாத பிள்ளையை உண்மையான பந்தோடு இறக்க வேண்டாம். அந்த விஷயத்தில் நான் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். 2023இல் சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடிய செல்வம் கார்த்தி, எங்கள் பக்கத்து அரியலூர்க்காரர்தான். அந்த ஆட்டங்களின் காணொளியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, பந்தை வாங்கும்போது முழங்கால் எவ்வளவு மடிகிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆயிற்று. கிரிக்கெட்டுக்குப் போனவர்களில் ஏழு பேர் கிளித்தட்டின் சத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். யார் கிளி என்பதில்தான் தினமும் சண்டை. ஓங்கி அடிப்பதை நிறுத்திவிட்டேன், அதனால் வாய்க்காலில் இறங்கும் வேலையும் நின்றது. குழாய்த் துண்டுகள் ஆறு அறுத்தோம். அந்த மாணவி முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிடித்தாள். நேற்று குழாய் அசையாமல் பத்து முறை பந்தை இருபுறமும் உருட்டிக் காட்டிவிட்டு, குழாயைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன், சரிதானே டீச்சர்? களத்தில் இப்போது நெல் காய்கிறது. பங்குனியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குடந்தை டீச்சர்

கழற்றிவிடுங்கள், சார். கேட்கும்போதே கழற்றிவிட வேண்டும். கை மறந்தால் மறுநாள் மாட்டிக்கொள்ளலாம்.