மாமாமாரைத் தாண்டித் தம்பிலுவில் போன நாள்

திருகோணமலையில் இருந்து வெருகல், வாகரை வழியாக முதல் நாள் மாலையே மட்டக்களப்புக்கு வந்துவிட்டோம். கரையோரமாக இலங்கையைச் சுற்றி வருவதுதான் திட்டம். கூட வந்தவன் ஹட்டன் நண்பன். அவனிடம் பல்சர் பைக், என்னிடம் பழைய டிஸ்கவர். இரவு போனில் வழியைப் பார்த்துவிட்டு, "தம்பிலுவில் 70 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெரியம்மாவைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் அறுகம்பேக் கடலில் குளிக்கலாம்" என்றான். ஏ4 வீதி நல்ல வீதி, அவன் கணக்கிலும் பிழையில்லை. ஆனால் அந்த வீதி நெடுக எனக்கு மாமாமார் இருக்கிறார்கள்.

கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் இரண்டிலும் இதுதான் வழக்கம். அதனால் அம்மாவின் அக்கா தங்கைமார் எல்லோரும் தம்பிலுவிலில் ஒரே வளவைப் பிரித்து வீடு கட்டியிருக்கிறார்கள். தம்பிமாரோ களுதாவளை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று பெண் எடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். சத்தம் போடாமல் தாண்டிப் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வீட்டில் இருந்து பைக் வெளிக்கிட்டதும் அடுத்த வீட்டுக்குப் போன் போய்விடும்.

காலையில் கல்லடிப் பாலம். புதிய பாலத்தில் நாங்கள் போக, பக்கத்தில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். நண்பனுக்கு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமாம். அது நிலாக் காலத்து இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற சங்கதி. காலை லொறிச் சத்தத்தில் எந்த மீன் பாடும்? காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்குக் கீழே அவன் படம் எடுக்கும்போதே போன் அடித்தது. களுதாவளை மாமா.

களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். மாமாவுக்கும் வெற்றிலைத் தோட்டம்தான், ஆனால் முன்பு சவூதியில் கராஜில் வேலை செய்தவர். "வாங்க மருமகன்" என்றவர் என்னைப் பார்க்கவில்லை, பைக்கைத்தான் பார்த்தார். "என்ன இது, செயின் உடுப்புக் காயப்போடுற கயிறு மாதிரித் தொங்குது?" தேத்தண்ணி ஆற முதல் வேலை தொடங்கிவிட்டது. வாகரைப் பக்கத்துக் கடல்மணல் செயின் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டால் பல்லுச்சில்லைத் தேய்த்துவிடும் என்றார். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெயை மெல்லிசாக மட்டும் விட்டார். எண்ணெய் கூடினால் மணலும் கூடுமாம். பிறகு பின்சில்லு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அடையாளக் கோடும் ஒன்றாக வரும்படி பின்னுக்கு இழுத்து இறுக்கினார். ஒரு பக்கம் கூட இழுத்தால் சில்லு கோணலாக ஓடும். கரையோரம் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் இந்தச் செயின் வேலையை மழை நாளுக்கு மட்டுமென்று வைத்திருக்கக் கூடாது. அந்த ஒரு மணித்தியாலம் வீணில்லை.

மருதமுனையில் கைத்தறிச் சாரன் வாங்க நின்றோம். மாமாமாருக்கு வெறுங்கையோடு போக முடியாதே. கல்முனை நெரிசலைத் தாண்டிக் காரைதீவுக்குப் போகும்போது பன்னிரண்டு மணி. அங்குள்ள மாமா ஓய்வுபெற்ற வாத்தியார். "விபுலானந்த அடிகள் பிறந்தது இங்க, 1892. சமாதி கல்லடி உப்போடையில. காலமை அதைத் தாண்டித்தானே வந்தீங்க, இறங்கிப் பார்த்தீங்களா?" என்று நண்பனைப் பிடித்துக்கொண்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் சாரன் பையைப் பிரித்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. "ஜும்மா நேரத்தில நிந்தவூரைத் தாண்டப் போறீங்களா? இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றார் மாமி. சரியான பேச்சு. அந்த நேரம் பள்ளிவாசல்கள் இருக்கிற இடமெல்லாம் வீதியின் இரு பக்கமும் பைக் நிறுத்தியிருப்பார்கள், தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஒரேயடியாக வெளியே வருவார்கள். ஒரு மணிநேரம் பொறுத்தால் வீதி விட்டுவிடும். ஆனால் மட்டக்களப்பு நண்டை நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிச் சோறுதான் கிடைத்தது. எருமைத் தயிரும் பாணியும் வந்த பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

நிந்தவூருக்கு அப்பால் திறந்த வெளிகளில், மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று வலப்பக்கத்தால் அடித்தது. கைபிடியை இறுக்கிப் பிடித்தால் பைக் இன்னும் ஆடும், கையைத் தளர்த்தி வேகத்தைக் குறைப்பதுதான் வழி. அக்கரைப்பற்று மாமா வீட்டில் இல்லை, வயலில். சிறுபோக வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. மாமி கேற்றடியிலேயே சோடா தந்து அனுப்பினார். அதற்கு அங்கால் வீதியோரமெல்லாம் நெல் காயப்போட்டிருந்தார்கள். பைக்காரருக்குப் பெரிய ஆபத்து இதுதான். நெல்லின் மேல் சில்லு ஏறியபின் பிரேக் பிடித்தால் வழுக்கும். எதிரே பஸ் வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து அதைப் போகவிடுங்கள், நெல்லுக்குள் ஒதுங்க வேண்டாம். விவசாயியின் உழைப்பும் அது.

தம்பிலுவிலுக்குப் போகும்போது ஐந்து மணி. பெரியம்மா படலையில் நின்றார். "மத்தியானம் எண்டாய் மகன், எங்க கிறுகித் திரிஞ்ச?" எங்கெங்கே நின்றோம் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வளவுக்குள் மூன்று வீடு, மூன்றிலும் தேத்தண்ணி. எந்த வீட்டில் இராச்சாப்பாடு என்பதைப் பெரியம்மாவும் சின்னம்மாமாரும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. நண்பன் மெதுவாக அறுகம்பே என்று ஆரம்பித்தான். "கோமாரிப் பக்கம் ஆனை நிக்கும், இரவில பைக்கில போறதா?" என்றதோடு அது முடிந்தது.

தாய்வழிச் சொந்தம் அந்தப் பக்கம் உள்ளவர்கள் அறுகம்பேயை மறுநாளுக்கே வையுங்கள். விடிந்ததும் வெளிக்கிட்டால் காற்று எழும்ப முதல், ஒரு மணித்தியாலத்துக்குள் அறுகம்பேக்குப் பக்கத்துப் பொத்துவில். வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகவும் பாருங்கள், நண்டு கிடைக்கும்.