கடைப் போர்டுக்கு குண்டு எழுத்து: தமிழில் எதைப் போடுவது?

கீழக்கரைப் பையன்:
எங்க காக்கா (அண்ணன்) தொதல் என்கிற எங்க ஊர் இனிப்புக்குக் கடை திறக்கிறார். போர்டு 10 அடிக்கு 3 அடி. ஆங்கிலப் பெயருக்கு அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற ஃபான்ட்டைப் போட்டுப் பார்த்தேன், தடிக்கோடு குண்டாக, மெல்லிசுக்கோடு மயிரிழையாக, ஆளை இழுக்கிறது. ஆனால் அதில் தமிழ் இல்லை, தட்டினால் வேறு ஃபான்ட்டுக்குத் தாவிவிடுகிறது. சரி என்று அதையே போல்டு ஆக்கி பிரிண்ட் எடுத்து ஒட்டினால், 'தொ'வின் சுழி அடைத்துப்போய், எதிர்க்கடைக்காரர் "அது என்ன தம்பி, கொதலா?" என்கிறார். என்ன செய்யலாம்?

ராம்நாடு டிடிபி:
போல்டு பட்டனைத் தொடாதீங்க தம்பி. அது எழுத்தைச் சுற்றி மை பூசுகிற வேலை, சுழிதான் முதலில் அடைக்கும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற ஃபான்ட்டில் பிளாக் (ரொம்பத் தடித்தது) வரைக்கும் தனித்தனியாக வரைந்த எடைகள் இருக்கின்றன, இலவசம். அதை எடுத்து அவுட்லைன் (திருத்தக்கூடிய கோட்டு வடிவம்) ஆக்கி சுழியைக் கொஞ்சம் திறந்துவிடுங்க.

நீங்கள் ஆசைப்படுகிற எழுத்து ஜாதி, இத்தாலியில் பார்மா நகரத்து அச்சுக்காரர் போடோனியும் (1740–1813) பாரிஸ் டிடோ குடும்பமும் கொண்டுவந்த எழுத்தின் வாரிசு. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன்காரர்கள் விளம்பர நோட்டீஸுக்காக தடிக்கோட்டை மட்டும் ஊதிவிட்டு மெல்லிசை அப்படியே விட்டார்கள். கூர்முனைப் பேனாவை அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும், அந்தக் கைப்பழக்கம்தான் அதற்கு அடிப்படை. நம்ம பக்கம் பனையோலையில் எழுத்தாணியால் கீறினவர்களுக்கு எல்லாக் கோடும் ஒரே கனம். அதனால் தமிழில் எந்தக் கோடு தடிக்கணும் என்பதை நீங்களேதான் முடிவு செய்யணும். நான் செய்தால் நெட்டுக்கோட்டைத் தடித்து, படுக்கைக்கோட்டை அதில் பாதிக்குக் கீழே போகவிடமாட்டேன். விலாசத்துக்கும் போன் நம்பருக்கும் இந்த எழுத்து வேண்டவே வேண்டாம், சின்ன அளவில் மெல்லிசுக்கோடு காணாமல் போய் எழுத்து துண்டுதுண்டாகத் தெரியும்.

மண்டபம் பெயிண்டர்:
டிடிபி அண்ணன் சொன்னது சரி. நான் படகுக்குப் பெயர் எழுதுகிறவன், மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 – ஜூன் 14) 61 நாளும் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில் பார்த்த எழுத்துதான் வேண்டும் என்று ஒருத்தர் ஒற்றைக்காலில் நின்றார், எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடைக்காலத்துக்குப் படகு கரையேறியபோது தடிக்கோடெல்லாம் இருந்தது, மெல்லிசு பூராவும் உப்புக்காற்றில் உதிர்ந்துவிட்டது, 'ம' இரண்டு தூணாக நின்றது. அதிலிருந்து எவ்வளவு நைசான கோடு என்றாலும் என் சுண்டுவிரல் கனத்துக்குக் குறைக்க மாட்டேன். அப்புறம், புள்ளியைப் பெரிதாக வைத்து எழுத்திலிருந்து தள்ளி வையுங்க, ஒட்டிக்கொண்டால் தூரத்தில் 'தொதல' என்றுதான் படிப்பான்.

கீழக்கரைப் பையன்:
நோட்டோவில் சுழியைத் திறந்து, புள்ளியையும் தூக்கிவிட்டேன். இப்போது தொதல் என்றே படிக்கிறார்கள். ஆனால் காக்கா ஆங்கிலம் பெரிதாக, தமிழ் கீழே சின்னதாக வேண்டும் என்கிறார்.

மண்டபம் பெயிண்டர்:
தொதல் வாங்க வருகிறவன் இங்கிலீஷிலா தேடப்போகிறான்? தமிழை மேலே வைத்து இன்னொரு பிரிண்ட் எடுத்து ஒட்டுங்க, அந்த எதிர்க்கடைக்காரரையே கேளுங்க.