மறு: அந்துப்பூச்சிப் பதிவுக்குக் கட்டும் வெள்ளைத் துணி: ‘விளக்குத்திரை’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். மாணவர்களுக்கான கோடைக்கால அந்துப்பூச்சிப் பதிவுக் கையேட்டைத் தமிழில் கொண்டுவரும் வேலை ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. இருட்டில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன்னே விளக்கைத் தொங்கவிட்டு, வந்து அமரும் பூச்சிகளைப் படமெடுத்துக் குறித்துக்கொள்கிறோமே, அந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் நான் ஏற்கவில்லை. காரணங்களைச் சொல்லிவிட்டு நான்காவது ஒன்றை முன்வைக்கிறேன்.

> வேளாண்மையில் ‘விளக்குப்பொறி’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

நியாயமான கேள்வி. இருக்கும் சொல்லை மதிக்காமல் புதுச்சொல் அடுக்குவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் விளக்குப்பொறி என்ன வேலைக்காக வந்தது என்று பாருங்கள். மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு பெருந்தொல்லை. அதன் கூட்டுப்புழுக்கள் மாதக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். நல்ல மழை ஒன்று இறங்கியதும் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். முட்டையிடுவதற்கு முன்பே அவற்றை அழிக்கத்தான் மழை பெய்த கையோடு வயலில் விளக்குப்பொறி வைக்கவும், தீ மூட்டவும் வேளாண் துறையினர் சொல்கிறார்கள். கோடை உழவு போட்டுக் கூட்டுப்புழுக்களை மேலே கொண்டுவந்து பறவைகளுக்குக் கொடுப்பதும் இதே கணக்கில்தான். விளக்குப்பொறியின் அடியில் தண்ணீர்த் தட்டு இருக்கும். விழுந்த பூச்சி எழாது. உழவருக்கு அது தேவையான கருவி, பெயரும் சரியான பெயர்.

நம் மாணவர்கள் கட்டப்போவது அதுவல்ல. துணியில் வந்து அமர்ந்த பூச்சி விரும்பியபோது பறந்து போகலாம். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துத் துணியை மெல்ல உதறிவிட்டுத்தான் நாம் கிளம்ப வேண்டும். அப்படிச் செய்யாமல் விடிய விடிய எரியவிட்டால், பொழுது புலர்ந்ததும் மைனாவும் இரட்டைவால் குருவியும் வந்து துணியைத் துடைத்துவிட்டுப் போய்விடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஊரில் யாராவது ‘எதற்கு இந்தப் பொறி?’ என்று கேட்கும்போது பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள்? அந்துப்பூச்சி என்றாலே பயிரைத் தின்னும் பகை என்ற எண்ணம் ஏற்கெனவே வேரூன்றிக் கிடக்கிறது. இந்தியாவில் இதுவரை விவரிக்கப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் வேளாண்மைக்குத் தீங்கு செய்பவை மிகச் சிறிய பங்கு. மற்றவை யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைகின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளத்தானே கையேடே எழுதுகிறோம்?

> ‘ஒளிக்கவர் திரை’ என்றால் அறிவியல் பொருளும் உள்ளே வந்துவிடும்.

இதை முன்மொழிந்த இயற்பியல் ஆசிரியர் ஐயாவின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த அறிவியல் பொருள்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2024 தொடக்கத்தில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்துப் பார்த்தார்கள். பூச்சிகள் நேராக விளக்கை நோக்கிப் பாயவில்லை. தம் முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே பறந்தன. இரவில் தரையைவிட வானம் வெளிச்சமானது. வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டினால் உடல் நேர்நிலையில் நிற்கும். கோடானு கோடி ஆண்டுகளாகப் பூச்சிகள் அப்படித்தான் மேல் கீழ் அறிந்து பறந்து வந்திருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு விளக்கு எரிந்தால் இந்தக் கணக்குத் தவறிவிடுகிறது. விளக்குக்கு முதுகைக் காட்டப் போய் அதையே வட்டமிடுகின்றன; விளக்குக்கு மேலாகப் பறக்க நேர்ந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகின்றன. அரளி இலையைத் தின்று வளரும் பச்சை நிறப் பருந்து அந்துப்பூச்சி போன்ற ஒன்றிரண்டு மட்டும் இந்த ஆய்வில் விதிவிலக்காக நின்றன.

ஆகவே ‘கவர்’ என்ற சொல்லை உள்ளே நுழைத்தால், ஒரு விளக்கத்தைப் பெயரிலேயே பூட்டிவிடுகிறோம். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்தச் சொல் பொருந்தும். அங்கே பெண் பூச்சியின் மணத்தைத் தேடி ஆண் பூச்சி உண்மையாகவே வருகிறது. நம் துணிக்கு வருவது தேடி வருவதல்ல, தடுமாறி வருவது. கலைச்சொல் கண்ணுக்குத் தெரியும் பொருளைச் சொன்னால் போதும். ஏன் வருகின்றன என்பதை ஆய்வாளர்கள் இன்னும் நூறு ஆண்டுகள் ஆராயட்டும்.

> ‘விட்டில்திரை’ எவ்வளவு அழகாக இருக்கிறது! விளக்கில் விழும் விட்டில் நம் மரபில் ஊறிய உருவம் அல்லவா?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விட்டில் என்பது எல்லா ஊரிலும் ஒரே பூச்சியைக் குறிப்பதில்லை. வெட்டுக்கிளியையும் விட்டில் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதைவிட முக்கியமானது, துணியில் அமர்வது அந்துப்பூச்சி மட்டுமல்ல. மழைக்கு மறுநாள் கட்டிப் பாருங்கள். முதலில் ஈசல் வந்து துணியை மூடும். பிறகு சாண வண்டு ஒன்று சடாரென்று மோதித் தரையில் மல்லாந்து கிடக்கும். தத்துப்பூச்சிகள், பொறிவண்டுகள், இவற்றைப் பிடித்துத் தின்ன ஓரமாகக் காத்திருக்கும் கும்பிடுபூச்சி, மேல் விளிம்பில் ஒரு பல்லி. வண்டுகளை ஆராய்பவரும் இதே துணியைத்தான் கட்டுகிறார். அவருக்கும் ஒரு சொல் வேண்டாமா?

இதே மடலில் இருந்த ‘இரவுப் பட்டாம்பூச்சி’யையும் விட்டுவிடலாம். கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றிப் பட்டப்பகலில் பறக்கும் புள்ளிபோட்ட அந்துப்பூச்சிகள் இருக்கின்றன. இட்லிப்பூவில் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சியைத் தேன்சிட்டு என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாடநூல்களில் ஏறிவிட்ட ‘அந்துப்பூச்சி’யே பொதுப்பெயராக இருக்கட்டும்.

நான் முன்வைக்கும் சொல் ‘விளக்குத்திரை’. விளக்கும் திரையும் சேர்ந்தது அந்த ஏற்பாடு, அவ்வளவுதான். ஒரு கலைச்சொல்லை ஏற்குமுன் அதற்கு இயல்பான வினை அமைகிறதா என்று நான் பார்ப்பது வழக்கம். பொறி என்றால் ‘வைக்கிறோம்’, எலிப்பொறியும் அப்படித்தான். திரை என்றால் ‘கட்டுகிறோம்’. கூத்து மேடையிலும் அப்படித்தான். ‘தோப்பு ஓரமாக விளக்குத்திரை கட்டினோம், ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது’ என்று ஒரு மாணவி எழுதினால் அதில் எந்த இடமும் உறுத்தவில்லை. ‘ஒளித்திரை’ இன்னும் சுருக்கம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அது கணினித் திரையையும் திரைப்படத்தையும் நினைவுபடுத்தும், வேண்டாம்.

இங்கிலாந்தில் முட்டை அட்டைகளை அடுக்கிய பெட்டியின் மேல் விளக்கு பொருத்தி, உள்ளே ஒதுங்கும் பூச்சிகளைக் காலையில் எண்ணிவிட்டு விடுவிக்கிறார்களே, அதற்கு ‘விளக்குப்பெட்டி’ போதும். கூடு என்று வைக்க வேண்டாம். பட்டுக்கூட்டோடு குழப்பம் வரும்.

அடுத்து, கையேட்டின் தலைப்பில் இருக்கும் ‘கோடைக்காலம்’. மூலக் கையேடு குளிர்நாட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே கோடை என்றால் ஜூலை. 2012 முதல் நடந்துவரும் தேசிய அந்துப்பூச்சி வாரமும் ஜூலைக் கடைசியில்தான் வருகிறது. அதை அப்படியே பெயர்த்தால் நம் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஜூலைக் கடைசி நமக்கு ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் துணி எங்கே நிற்கும்? கயிற்றை அறுத்துக்கொண்டு பறக்கும். நம் கோடை சித்திரை, வைகாசி. அதிலும் வெறும் வெயில் நாட்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்; கோடைமழை பெய்து, புழுக்கம் இறங்காத, காற்றசையாத இரவுதான் வேண்டும். நிலவில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. எனவே தலைப்பை ‘கோடைமழைக்கால அந்துப்பூச்சிப் பதிவு’ என்று மாற்றச் சொல்கிறேன். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்னொரு சொல்லையும் இந்த இழையிலேயே முடித்துவிடலாம். ஓர் அந்துப்பூச்சி எந்தக் குடும்பம் என்று அறிய, நிறத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் விதம் அதிகம் உதவும். இதற்கு ‘அமர்நிலை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘ஓய்வுநிலை’ என்று கையேட்டு வரைவில் இருக்கிறது. விளக்கு முன்னால் படபடத்துக்கொண்டிருக்கும் பூச்சிக்கு ஓய்வு ஏது? ஜியோமெட்ரிடே குடும்பத்தவை பெரும்பாலும் நான்கு இறக்கைகளையும் விரித்துத் துணியோடு ஒட்டிக் கிடக்கும்: தட்டை அமர்நிலை. இறக்கைகளை இருபுறமும் சரித்து வீட்டுக் கூரைபோல் மூடிக்கொள்பவை ஏராளம்: கூரை அமர்நிலை. பருந்து அந்துப்பூச்சிகள் குறுகிய முன்னிறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்து அம்புமுனையாக நிற்கும். மெலிந்த இறகு அந்துப்பூச்சியோ இறக்கைகளைச் சுருட்டிக் குறுக்காக நீட்டி, ஏர்க்காலில் பூட்டிய நுகத்தடியாக நிற்கும். தட்டை, கூரை, அம்பு, நுகம். இந்த நான்கு போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் இரவிலேயே பாதி வழி போய்விடுவாள்.

மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சீந்தில்கொடியில் புழுவாக வளர்ந்து, மாதுளையையும் எலுமிச்சை வகைகளையும் துளைப்பது. துணியில் கூரையாக அமர்ந்திருக்கும்போது முன்னிறக்கை அசல் சருகு. நடுநரம்பு போன்ற கோடுகூட ஓடும். புல்நுனியால் மெல்லத் தொட்டால் முன்னிறக்கைகள் விலகும்; உள்ளே கறுப்புத் தீட்டிய செம்மஞ்சள் பின்னிறக்கை பளிச்சிடும். இனத்தைப் பிரிக்கும் அடையாளம் பெரும்பாலும் அந்தப் பின்னிறக்கையில்தான் இருக்கிறது. ஆகவே அமர்நிலையில் ஒரு படம், பின்னிறக்கை தெரிய ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று கையேட்டில் தெளிவாக எழுத வேண்டும். அப்படி எடுத்தும் படத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாதவை நிறைய உண்டு. நுண்ணோக்கியில் உறுப்புகளைப் பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்தில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட ‘குடும்பம் மட்டும் உறுதி’ என்ற வரிக்கு மதிப்பு அதிகம்.

சொற்கள் புழக்கத்தில் எப்படி நிற்கும் என்று பார்க்க ஒரு மாதிரிக் குறிப்பு எழுதியிருக்கிறேன்:

“கோடைமழைக்கு அடுத்த இரவு. தேய்பிறை, காற்றில்லை. கிணற்றடி வேம்புக்கும் புங்கனுக்கும் நடுவே விளக்குத்திரை. 8.40: வெளிர்பச்சை, தட்டை அமர்நிலை, விளிம்பில் வெண்கோடு; குடும்பம் ஜியோமெட்ரிடே. 9.15: சருகு நிறம், கூரை அமர்நிலை, பின்னிறக்கை தெரியவில்லை; அடையாளம் நிலுவையில்.”

படித்துப் பாருங்கள். எங்கேயாவது நாக்கு இடறினால் எழுதுங்கள்.

இனப்பெயர்களைப் பற்றி விருதுநகர் அம்மா கேட்டிருந்தார். வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் வந்துவிட்டன. 2019இல் ‘தமிழ் மறவன்’ மாநில வண்ணத்துப்பூச்சியாகவே அறிவிக்கப்பட்டது. அந்துப்பூச்சிகளுக்கு அது இன்னும் நடக்கவில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக வந்த ஹாம்ப்சன், இங்கே பிடித்த ஆர்வத்தில் தொடங்கி 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளாக எழுதி முடித்தார். நம் மலைப் பூச்சிகள் பலவும் அதில் உண்டு, எல்லாம் இலத்தீன் பெயரில். அவற்றுக்கு அவசரமாகப் பெயர்களை உருவாக்குவதைவிட, உழவரிடம் இருக்கும் பெயர்களை முதலில் திரட்ட வேண்டும் என்பது என் எண்ணம். உழவர்கள் பறக்கும் பூச்சிக்கு அரிதாகவும் புழுவுக்குத் தாராளமாகவும் பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகை வளைத்து வளைத்து நடக்கும் ஆமணக்குப் புழுவுக்குக் ‘காவடிப்புழு’ என்று பெயர். இதைவிட நல்ல பெயரை எந்தக் குழு கூடி உட்கார்ந்து உருவாக்கிவிடும்? புழுவின் பெயரிலிருந்தே பூச்சிக்குப் பெயர் எடுக்கலாம். ‘காவடி அந்து’ என்று எழுதிப் பாருங்கள், தானாக நிற்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எள், ஆமணக்கு, முருங்கை, கறிவேப்பிலை, எருக்கு இவற்றில் காணும் புழுக்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு, ஊர்ப்பெயரோடு இந்த இழையில் இடுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்களும் சேர்ந்துகொள்ள வேண்டும். தெற்கின் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கிறது, அங்கே அதற்கு ஏதேனும் பெயர் வழங்குகிறதா என்று அறிய ஆவல்.

‘விளக்குத்திரை’, ‘அமர்நிலை’ இரண்டுக்கும் மறுப்பிருந்தால் வரும் அமாவாசைக்குள் எழுதிவிடுங்கள். அன்றிரவு ஆசிரியர்களுக்கான பயிற்சி. கையேட்டு வரைவை அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து